பதினொரு மணி வரைக்கும்

மாங்கரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி, சாலை மலையைப் பார்த்துத் திரும்பிய இடத்தில்தான் சென்னியப்பனுக்கு அந்தக் கேள்வி வந்தது. காலையில் மாத்திரையைத் துப்பினோமா, விழுங்கினோமா? தடாகம் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்தாகிவிட்டது, அணைந்து போன செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயிருந்தன, அப்போதெல்லாம் வராத கேள்வி ஏற்றத்தின் முதல் மிதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நடப்பதுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவி கருணாம்பிகை ஒரு கையில் வெந்நீர் டம்ளரும் மறு உள்ளங்கையில் மாத்திரையுமாக வந்து நிற்பாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சாப்பிடவில்லை என்றால் போடவே கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம். கணுவாயில் ஒரு மெஸ்ஸில் எல்லோரும் நிறுத்தி முட்டையும் தினைப் பொங்கலும் சாப்பிடுகிறோம் என்று அவன் சொல்லியிருந்தான். அப்படி ஒரு மெஸ் கிடையாது. முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குக் கை கழுவினால் மறுநாள் பதினொரு மணி வரைக்கும் தண்ணீரும் பால் இல்லாத காப்பியும்தான், அதுதான் சைக்கிள் குழுவின் சட்டம், பதினாறு மணி நேரம். இதைச் சொன்னால் அவள் சைக்கிளைப் பூட்டி சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொள்வாள். அதனால் மாத்திரையை வாங்கி நாக்குக்கு அடியில் ஒதுக்கி, மேலே வெந்நீரை விட்டு, தொண்டை ஏறி இறங்குவதை அவளுக்குக் காட்டிவிட்டு, வாசல் குழாயில் கை கழுவுகிற சாக்கில் துப்பிவிடுவான். மூன்று மாதம், பன்னிரண்டு ஞாயிறு, ஒரு தடவை தப்பியதில்லை. இன்றைக்கும் குழாய்க்குப் போனான். எதிர் வீட்டு சம்பத் கார் கழுவிக்கொண்டிருந்தார். “கெளம்பியாச்சுங்களா?” என்று கேட்டார். “ஆச்சுங்க” என்று இவன் சொன்னான். சொன்னது நன்றாக ஞாபகமிருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு ‘ஆச்சுங்க’ என்று தெளிவாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால், அதற்கு முன்பே துப்பியிருக்க வேண்டும். அல்லது அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

“ஆச்சுங்க” என்று சொல்லிப் பார்த்தான். நாக்கை மடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். “என்னுங்ணா ஆச்சு?” என்று பக்கத்தில் குரல் கேட்டது. பர்வீன். வங்கியில் வேலை, முப்பத்தெட்டு வயது, குழுவில் விரதம் இருக்காத ஒரே ஆள், பெரும்பாலும் எல்லோருக்கும் கடைசியில் வருபவள். “ஒண்ணுமில்ல.” “தனியாப் பேசிட்டு வர்றீங்க.” “பாட்டு.” “நல்ல பாட்டுங்ணா, ஒரே வரி.” அவள் சிரித்தாள், ஆனால் முன்னால் போகவில்லை. போயிருக்கலாம். இந்த வேகத்தில் அவளால் இவனைத் தாண்ட முடியும், போன மாதம் சிறுவாணி சாலையில் தாண்டினாள். இன்றைக்கு ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறாள்? சாவடியில் எல்லோரும் நின்றபோதும் இவள்தான் கையை நீட்டினாள், இரண்டு பேரீச்சம்பழம். “வேணுங்களாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு.” குழுவை நடத்துகிற மோகனசுந்தரம் நாலடி தள்ளி நின்று தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார், ஆனால் காது இங்கேதான் இருந்தது, அது சென்னியப்பனுக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் இவள் நீட்டுகிறாள். வாங்கித் தின்றால் ஒன்பது மணிக்குள் வாட்ஸப் குழுவில் வந்துவிடும், பேர் போடாமல் பொதுவாக, ‘சில நண்பர்கள் வழியில் இனிப்பு எடுத்துக்கொள்வதாக அறிகிறேன்’ என்று. “விரதம்மா” என்றான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டையும் தானே வாயில் போட்டுக்கொண்டாள். “நாங்க வருசத்துக்கு முப்பது நாள் இருக்கறோம், யாரும் தட்டைப் போட்டோ எடுத்துப் போடறதில்லீங்ணா” என்றாள். மோகனசுந்தரம் அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது.

மோகனசுந்தரத்தின் எல்லாவற்றிலும் ஏதோ இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் பதினான்கு கிலோ இறக்கியவர், இறக்கியதிலிருந்து பேச்சில் பேலியோ உணவுமுறையைத் தவிர வேறு கிடையாது. காலையில் நூறு பாதாம், மத்தியானம் காலிஃப்ளவரைத் துருவிச் சோறு மாதிரி ஏதோ, ராத்திரி பன்னீர். “உடம்புல ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடற கொழுப்பு இருக்குதுங்க, அதை விட்டுட்டு வாழப்பழத்துக்குக் கை நீட்டறோம்” என்பார். அவருடைய சைக்கிளில் இரண்டு பாட்டில்கள். ஒன்று எல்லோருடையதையும் போல உள்ளே இருப்பது தெரிகிற பாட்டில், தண்ணீர். இன்னொன்று கறுப்பு. அதில் உப்புத் தண்ணீர் என்பார், ஒரு சிட்டிகை இந்துப்பு. உப்புத் தண்ணீரைக் கறுப்பு பாட்டிலில் எதற்கு ஊற்ற வேண்டும்? பம்ப் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் சென்னியப்பனுக்கு இதுதான் வேலை, இரும்பு வார்ப்பில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான், நல்ல வார்ப்பில் ஓசை மணி மாதிரி நீளும், விரிசல் உள்ளது டொக்கென்று நின்றுவிடும். பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று அர்த்தம், மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்கு அடிக்கப்போகிறான். ஏற்றத்தில் மோகனசுந்தரம் கறுப்பு பாட்டிலைத்தான் எடுப்பார், சமவெளியில் எடுக்க மாட்டார். பன்னிரண்டு ஞாயிறும் பார்த்தாகிவிட்டது. குளுக்கோஸ். வேறென்ன. மற்றவர்களைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் குடித்துக்கொண்டு மேலே போய் நின்று கைக்கெடிகாரத்தைப் பார்ப்பது. ஒருநாள் அந்த பாட்டிலைக் கேட்டு வாங்கி எல்லோர் முன்னாலும் ஒரு வாய் குடித்துவிட வேண்டும். இப்போது அவர் இரண்டு வளைவுக்கு மேலே இருந்தார், மரங்களுக்கு நடுவில் மஞ்சள் சட்டை தெரிந்து மறைந்தது. மற்ற ஐந்து பேரும் அதற்கும் மேலே.

கை நடுங்கியது. கையா, கைப்பிடியா? சாலை சரியில்லை, சல்லி பெயர்ந்திருக்கிறது, அதனால் இருக்கும். வியர்வை கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கியது, சில்லென்று இறங்கியது. ஏற்றத்தில் வருகிற வியர்வை சூடாக அல்லவா இருக்க வேண்டும். டாக்டர் அன்றைக்குச் சொன்னார், ஆறு வருடத்துக்கு முன்னால், மேஜையில் விரலால் கோடு போட்டபடியே சொன்னார், “ஏறறது மெதுவாக் கொல்லுங்க, எறங்கறது உடனே. படபடப்பு, சில்லுன்னு வேர்வை, ஒதடு மரத்துப் போகும், காரணமில்லாம எரிச்சல் வரும். வந்தா ஒரு ஸ்பூன் சக்கரை வாயில போட்டுக்குங்க, அப்புறம் யோசிங்க.” உதட்டை நாக்கால் தடவினான். இருந்தது. இருந்தது போலத்தான் இருந்தது. எரிச்சல்? எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது, ஒன்றா இரண்டா. டாக்டரிடம் விரதத்தைச் சொல்லவில்லை, குழுவில் சக்கரையைச் சொல்லவில்லை, வீட்டில் எதையுமே சொல்லவில்லை, இந்த மூன்று பேரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் சந்திக்காமலிருக்கிற வரைக்கும் பிரச்சினையில்லை என்று நினைத்திருந்தான். குழுவில் சேர்ந்த அன்றைக்கே மோகனசுந்தரம் கேட்டார், “சக்கரை, பிரசர் இருந்தா மொதல்லயே சொல்லிருங்க, மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேட்காம விரதம் இருக்கக் கூடாதுங்க.” கல்லூரி வாத்தியார் ஒருத்தர் பாவம் சொல்லிவிட்டார். அதோடு அவருக்கு விரதம் கிடையாது என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் டீக்கடை வாசலில் எட்டுப் பேர் நடுவில் “சார், இன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?” என்று ஆளாளுக்கு விசாரிப்பு, சாவு வீட்டில் கேட்கிற குரலில். நாலாவது வாரம் அவர் வரவில்லை, சைக்கிளையே விற்றுவிட்டதாகக் கேள்வி. சென்னியப்பன் “ஒண்ணுமில்லைங்க” என்று சொன்னான். சக்கரையை முதலில் இறக்கிக் காட்டிவிட்டு, அப்புறம் எனக்கும் இருந்ததுங்க, இப்போ இல்லை என்று சொல்லலாம் என்றிருந்தான். இருந்தது என்பதற்கும் இருக்கிறது என்பதற்கும் எவ்வளவு தூரம்.

இறங்கவும் செய்தது. முதல் மாதம் நூற்றெண்பதிலிருந்து நூற்றிருபத்தைந்து. அப்புறம் இரண்டு வாரமாகக் காலையில் நூற்று நாற்பத்தெட்டு. ராத்திரி முழுக்க வயிறு காலியாகக் கிடந்த பிறகு நூற்று நாற்பத்தெட்டு எங்கிருந்து வருகிறது? வீட்டிலிருந்துதான். பாதாம் மாவு ரொட்டியில் கோதுமையைக் கலக்கிறாள். அவன் ஒரு சனிக்கிழமை சமையலறைக்குப் போய் மாவு டப்பாவைத் திறந்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான், மோந்தான், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். கருணாம்பிகை பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. “என்ன, மாவுல விரிசல் உட்டிருக்குதுங்களா?” என்றாள். சண்டையில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள், ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவளுக்கும் பெண்ணுக்குமாக அரிசிம்பருப்பு சாதம் வைத்தாள், சின்ன வெங்காயம் தாளிக்கிற வாசம் மாடி வரைக்கும் வந்தது, மேலே நெய் விட்டு, பக்கத்தில் அப்பளமும் சுட்டு. வேண்டுமென்றே செய்தது. அவன் முட்டையைப் பிட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். “ஒரு வாய்?” என்று பெண் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினான். கருணாம்பிகை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. பார்க்காமலிருந்ததுதான் சந்தேகம். அவளுக்குத் தெரியுமோ? மெஸ் இல்லை என்பது? குழாயில் துப்புவது? வாசல் குழாய்க்குக் கீழே வெள்ளைக் கறை ஏதாவது படிந்திருந்து, மாத்திரை ஒன்று கரையாமல் சாக்கடை வலையில் கிடந்து... தெரிந்திருந்தால் என்ன செய்வாள்? கேட்க மாட்டாள். கேட்கிற பழக்கமே கிடையாது அவளுக்கு. வெந்நீரை இன்னும் கொஞ்சம் சூடாகக் கொண்டு வந்திருப்பாள், நாக்குக்கு அடியில் வைத்திருக்கும்போதே கரைந்து போகும்படி. இன்றைக்கு வெந்நீர் சூடாக இருந்ததா? இருந்தது. எப்போதும் சூடாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கசந்ததா? கசப்பு ஞாபகமில்லை. துப்பினால் குழாயடியில் பார்த்திருப்பான், வெள்ளையாக, சின்னதாக, தண்ணீரோடு சுற்றிக்கொண்டு போவதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறான். இன்றைக்குப் பார்த்தானா? பார்த்த ஞாபகம் இருந்தது, ஆனால் அதில் சம்பத் இல்லை, கார் இல்லை, அது போன வாரத்து ஞாபகமாக இருக்கலாம். பன்னிரண்டு மாத்திரையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன, எது எந்த வாரத்தது என்று பிரிக்க முடியவில்லை.

“ணா, கொஞ்சம் நில்லுங்க.” பர்வீன்தான். அவன் கேட்காதது போல மிதித்தான், பெடல் காலுக்கு அடியில் எங்கோ தூரத்தில் இருந்தது, வேறு யாரோ மிதிப்பது போல. ரோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. “ணா, கோடு தாண்டிப் போறீங்க. எதுத்தாப்ல வண்டி வந்தா என்னாகறது. நில்லுங்க மொதல்ல.” நின்றான். நின்றது அவனாக எடுத்த முடிவில்லை, சைக்கிளே நின்றது, தடுப்புக் கட்டையில் கை ஊன்றிக்கொண்டான், கட்டை ஈரமாக இருந்தது, அவன் கைதான் ஈரம். கீழே பள்ளத்தில் மூங்கில், அதற்குள் எங்கேயோ ஒரு குருவி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது, தட்டிப் பார்க்கிற மாதிரி. “மாத்திரை எதாச்சும் போடறீங்களாண்ணா?” அவன் திரும்பி அவளைப் பார்த்தான். யார் சொன்னது இவளுக்கு? வங்கியில் கருணாம்பிகைக்குக் கணக்கு இருக்கிறது, கவுண்டரில் பேசியிருப்பார்கள், பெண்கள் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். “நான் எதுக்கு மாத்திரை போடோணும்? யாரு சொன்னாங்க உனக்கு? உன்ன யாரு பாத்துட்டு வரச் சொன்னாங்க?” குரல் பெரிதாக வந்தது, மலையில் பட்டுத் திரும்பியது. அவள் முகம் சுருங்கியது, ஆனால் நகரவில்லை. “யாரும் சொல்லலீங்ணா. எங்க அத்தாவுக்குச் சக்கரை. எறங்குனா இப்படித்தான், மொதல்ல வேர்க்கும், அப்புறம் எல்லாரையும் திட்டுவாரு. ஒருக்கா எங்கம்மா சோத்துல விஷம் வெச்சுட்டாங்கன்னு கத்துனாரு.” “எனக்குச் சக்கரையெல்லாம் இல்ல.” “சரிங்ணா. இல்ல. உக்காருங்க.”

மேலேயிருந்து மஞ்சள் சட்டை இறங்கி வந்தது. திரும்பி வருகிறார், பார்க்க வருகிறார். “என்னுங்க சென்னியப்பன், மலை மேல கோவமா?” என்று தூரத்திலேயே ஆரம்பித்தவர் பக்கத்தில் வந்ததும் குரலை மாற்றிக்கொண்டார். “ஏனுங்க, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க. இதைக் குடிங்க.” கறுப்பு பாட்டில். அவராகவே கழற்றி மூடியைத் திருகி நீட்டினார். சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. வாயருகே கொண்டுபோன அந்த நொடியில், மூன்று மாதமாக எதைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தானோ அது உள்ளே இருக்க வேண்டுமே என்று மனசு கெஞ்சியது. இருக்கட்டும். குளுக்கோஸாக இருக்கட்டும். இந்த ஆள் திருடனாக இருக்கட்டும், பதினான்கு கிலோவும் பொய்யாக இருக்கட்டும், எல்லோரையும் ஏமாற்றியவனாக இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். குடித்தான். உப்பு. இன்னொரு மிடறு குடித்தான். உப்பு, அடியில் கொஞ்சம் எலுமிச்சை, வேறு எதுவுமே இல்லை. பாட்டிலை இறக்கிவிட்டு மோகனசுந்தரத்தின் முகத்தைப் பார்த்தான். அந்த மனுஷன் மேல் இப்படி ஒரு கோபம் இதுவரைக்கும் வந்ததில்லை. நாணயமான ஆள். உப்பென்று சொன்னால் உப்பு. தடுப்புக் கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அல்லது இவன் சாய்ந்தான், பர்வீன் கையைப் பிடித்தாள், பிடி இறுக்கமாக இருந்தது, அந்தப் பிடிக்குள் இருந்தபடியே அவன் வாய் தானாகச் சொன்னது, “துப்பலைன்னு நெனைக்கறேனுங்க.” “என்னது துப்பலை?” என்றார் மோகனசுந்தரம். “மாத்திரை. ஆறு வருசமாச் சக்கரை எனக்கு. காலையில மாத்திரை போட்டுட்டேன். போட்டுட்டு ஒண்ணும் திங்கலை.” சொல்லி முடித்ததும் உதடு இருப்பது தெரியவில்லை.

மூன்று பேர் பையையும் பர்வீன்தான் கொட்டினாள். மோகனசுந்தரத்தின் முதுகுப் பையில் பாதாம், ஒரு துண்டுத் தேங்காய், சீஸ், காகிதத்தில் மடித்த இந்துப்பு. சென்னியப்பனுடையதில் வேர்க்கடலை. அவளுடையதில் காலிப் பொட்டலம், பேரீச்சம்பழத்தின் இரண்டு கொட்டை. “மேல இருக்கறவங்க கிட்ட?” என்று கேட்டாள். “இதேதான் இருக்கும்” என்றார் மோகனசுந்தரம், குரல் தணிந்திருந்தது. “எட்டுப் பேரு மலையேறறோம், ஒரு ஆரஞ்சு முட்டாய் இல்ல ஒருத்தருகிட்டயும்.” என்று சொல்லிக்கொண்டே அவர் பாதாமை உரித்துக்கொண்டிருந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாமல். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் உறுமுவது கேட்டது. ஆனைகட்டியிலிருந்து இறங்குகிற முதல் பஸ்ஸோ இரண்டாவதோ. பர்வீன் சாலைக்கு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பிரேக் சத்தம், டிரைவரின் வசவு, கண்டக்டர் படியிலிருந்து பாதி வெளியே வந்து “ஏம்மா, சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?” என்றார். “சக்கரை எறங்கிருச்சுங்க, மயக்கமாகறாரு. இனிப்பா எதாச்சும் இருந்தாக் குடுங்க, சீக்கிரம்.” “சக்கரைக்காரருக்கு இனிப்பா?” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். “ஆகாதே கண்ணு.” “ஏறுனா ஆகாதுங்க, எறங்குனா அதான் மருந்து.” அதன் பிறகு சென்னியப்பன் முகங்களைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு இடையிலிருந்து கைகள் வந்தன. வளையல் போட்ட கை, மண் ஒட்டிய கை, பச்சை குத்திய கை. ஒருத்தர் கடித்து மீதி வைத்த வாழைப்பழம், செய்தித்தாளில் சுற்றிய பன், பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டில், தேன்மிட்டாய் நாலு. பர்வீன் ஜூஸை முதலில் அவன் வாயில் சாய்த்தாள், வெதுவெதுப்பாக, வாய் வைத்துக் குடித்த பாட்டில்தான், தாடையில் வழிந்தது. அப்புறம் தேன்மிட்டாய். அப்புறம் எது என்று தெரியவில்லை. எப்போது செய்தது, யார் கை பட்டது, எதில் சுற்றியது என்று எதையும் பார்க்காமல், ஒரு வாய் முடிவதற்குள் அடுத்த வாய் திறந்தபடி சென்னியப்பன் தின்றான். “பாத்து, பாத்து” என்றாள் அந்தப் பெண் குரல். “தொண்டையில சிக்கிக்கப் போகுது.” பத்து நிமிஷம் பஸ் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்டக்டர் மட்டும் ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டார், பர்வீன் இவன் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, “அடுத்த வண்டியில சைக்கிளோட கூட்டிட்டு வர்றோம்” என்றாள்.

பஸ் போனதும் குருவிச் சத்தம் மறுபடி கேட்டது. வெள்ளைக் கோடு ஒரே கோடாக இருந்தது. முதுகு வெயிலில் சூடேறியது, உதடு ஒட்டியது, தேன்மிட்டாய்ப் பாகு விரலிடுக்கில் பிசுபிசுத்தது. பர்வீன் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள், வீட்டு நம்பரை அவன்தான் சொல்லியிருந்தான், சொன்ன பிறகும் வேண்டாமென்று கூப்பிட்டுத் தடுக்கத் தோன்றவில்லை. மோகனசுந்தரம் பக்கத்தில் தடுப்புக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். உரித்த பாதாமை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். பிறகு, “குரூப்ல போட வேண்டாமுங்க” என்றார். “சரிங்க.” “உங்களுக்காகச் சொல்லலை.” சென்னியப்பன் மடியில் செய்தித்தாளில் பன்னின் பாதி மிச்சமிருந்தது, மேலே சக்கரை தூவிய பக்கம். கைக்கெடிகாரத்தில் எட்டு இருபது. மோகனசுந்தரத்தின் வலது கை முழங்காலிலிருந்து எழுந்து, கொஞ்சம் தயங்கி, இவன் பக்கமாக வந்து விரிந்து நின்றது. விரல்நுனிகள் நடுங்கின. மலையேறியதில் நடுங்கலாம், திரும்பி இறங்கி வந்த பதற்றத்தில் நடுங்கலாம். நெற்றியில் வியர்வை, இந்தக் காற்றிலும் காயாமல். இருபத்திரண்டு வருடம் தட்டிப் பார்த்த காது சென்னியப்பனுக்கு, ‘உங்களுக்கும் மாத்திரையா’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்த ஆள் சொல்லிவிடுவார். அவன் கேட்கவில்லை. பன்னை அந்தக் கையில் வைத்துவிட்டு, அவர் தின்கிற வரைக்கும் பள்ளத்து மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.